வீட்டுக்கு விளை, வெள்ளத்துக்கு ஏலா

பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் விரைந்து நகரமாகி வருகின்றன. மழையின் இயல்பும் மாறி வருகிறது. இவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்கும் வடிகால் எது? விடை நம் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது.

2021ஆம் ஆண்டு நவம்பர் 13. திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களிலும் மழை விடாது கொட்டியது. நெய்யாற்றின்கரைக்கு அருகே தேசிய நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் ஒரு பகுதி சரிந்தது. பாறசாலை உள்ளிட்ட இடங்களில் இருப்புப்பாதையின்மேல் மண் விழுந்தது; திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் போக்குவரத்துத் தடைப்பட்டது. நாள்தோறும் எல்லையைக் கடந்து வேலைக்கும் கல்விக்கும் சந்தைக்கும் சென்றுவரும் மக்கள், அந்த நாளில்தான் தங்கள் இரு ஊர்களுக்கும் இடையே எத்தனை தோடுகளும் தாழ்நிலங்களும் குறுக்கிடுகின்றன என்பதை உணர்ந்தனர்.

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் எழும் கோரிக்கை ஒன்றே: “வடிகாலை அகலப்படுத்துங்கள்.” அது நியாயமான கோரிக்கைதான். ஆயினும் அது பாதித் தீர்வு. மழைநீரை வெளியேற்றும் வழியைப் பற்றி மட்டும் நாம் பேசுகிறோம். அந்நீர் சற்றுநேரம் தங்கிச் செல்லும் இடத்தைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். இந்த மண்ணில் வாழ்ந்த முன்னோர் அதை மறக்கவில்லை.

ஊர்ப்பெயரில் ஒரு நிலவரைபடம்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையில் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை என ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஆற்றின் கரை, குளத்தின் கரை, பாறை, விளை ஆகியவை அப்பெயர்களில் அப்படியே நிற்கின்றன. தென் திருவிதாங்கூர்த் தமிழில் ‘விளை’ என்பது மேட்டுத் தோட்ட நிலம். தென்னை, பலா, மா, மரச்சீனி ஆகியவை வளரும் இடமும், வீடு கட்டிக் குடியிருக்கும் இடமும் அதுவே. மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்காக நீண்டு கிடக்கும் நெல்வயல் தொகுதிக்கு ‘ஏலா’ என்று பெயர். மேட்டில் குடியிருப்பு, பள்ளத்தில் வயல் என்பதே இந்நிலத்தின் எழுதப்படாத நகரமைப்பு விதி.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. இன்றும் எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படுகின்றன. மொழியைப் போலவே நிலத்தின் அமைப்பும் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. குன்று, சரிவு, ஏலா, தோடு, மீண்டும் குன்று என்ற அலைபோன்ற அமைப்பு பாலராமபுரத்தில் தொடங்கி மார்த்தாண்டத்தைத் தாண்டியும் தொடர்கிறது.

ஏலா செய்த வேலை

ஏலாவை நெல் விளையும் இடமாக மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பொறியியல் நோக்கில் அது ஒரு வெள்ளத் தாங்கி. குன்றின்மேல் பெய்யும் மழையில் ஒரு பகுதியை வெட்டுக்கல் மண் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது சரிவில் இறங்கி ஏலாவை அடையும். அங்கே வரப்புகள் அதைப் பிடித்து நிறுத்தும். ஒரு பாத்தி நிறைந்தபின் அடுத்த பாத்தி, அதன்பின் தோடு, பின்னர் ஆறு என்று நீர் படிப்படியாக இறங்கும். பல ஏலாக்களின் தலைமாட்டில் ஒரு குளமும் இருக்கும். குன்றில் ஒரு மணி நேரத்தில் பெய்த மழை ஆற்றை அடையப் பல மணி நேரமாகும். அந்தத் தாமதமே கீழே உள்ள ஊரைக் காப்பாற்றியது.

இதன் அளவை எளிய கணக்கால் உணரலாம். ஒரு ஹெக்டேர் வயலில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். பத்து ஹெக்டேர் ஏலாவில் ஒரு கோடி லிட்டர். இதற்கு மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம். வரப்பும் மடையும் பழுதின்றி இருந்தால் போதும். மழை ஓய்ந்தபின் அந்நீர் நிலத்துள் இறங்கி, சுற்றியுள்ள விளைகளின் கிணறுகளை நிரப்பும். மழைக்கால வடிகாலும் கோடைக்காலக் குடிநீரும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்களாக இருந்தன.

அந்த ஏற்பாடு இன்று பல இடங்களில் துண்டுபட்டுக் கிடக்கிறது. கேரளம் முழுவதும் 1970களின் நடுவில் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு, இப்போது 2 லட்சம் ஹெக்டேரை ஒட்டிச் சுருங்கிவிட்டது. இதற்காக உழவரைக் குறைகூறுவது முறையன்று. கூலி உயர்ந்தது, ஆள் கிடைக்கவில்லை, நெல்லின் விலை செலவுக்கு ஈடாகவில்லை. சிலர் வாழைக்கும் மரச்சீனிக்கும் மாறினர். சிலர் தரிசாக விட்டனர். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் திருமணத்துக்காகவும் விற்றனர். வாங்கியவர் மண் கொட்டி மேடாக்கினார். ஒவ்வொருவர் செய்கைக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்லாம் சேர்ந்தபோது நீருக்கு இடமில்லாமல் போயிற்று.

மழையின் கணக்கும் முற்றத்தின் கணக்கும்

இந்நிலையில்தான் வானிலையும் மாறுகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆகவே பெய்யும்போது மழை முன்னைவிடக் கனமாகப் பெய்கிறது. இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் இந்த ஏற்றம் மேலும் கூடுதலாகவும் இருக்கலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல், 2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம், 2021 நவம்பர் மழை என எல்லைக் கிராமங்கள் ஐந்தே ஆண்டுகளில் மூன்று பேரிடர்களைக் கண்டன. 2023 டிசம்பரில் அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. ஓர் ஊரின் ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்வதும் இனி நம்ப முடியாத ஒன்றன்று.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஒரு நாளில் 6.45 செ.மீ.க்கு மேல் பெய்வதைக் கனமழை என்றும், 11.56 செ.மீ. முதல் மிகக் கனமழை என்றும், 20.44 செ.மீ.க்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் வகைப்படுத்துகிறது. வடிகாலுக்கு இந்த நாள் கணக்கைவிட மணிக்கணக்கே முக்கியம். 10 செ.மீ. மழை 24 மணி நேரத்தில் பரவிப் பெய்தால் சாதாரண ஓடையும் அதைச் சுமந்துவிடும். அதே 10 செ.மீ. இரண்டு மணி நேரத்தில் பெய்தால், ஒவ்வொரு நிமிடமும் வந்து சேரும் நீர் பன்னிரண்டு மடங்காகிறது. பழைய மழைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்ட வடிகால், அதற்கு முன் கைவிரித்துவிடுகிறது.

எனினும் பழி முழுவதையும் வானத்தின்மேல் போட்டுவிட முடியாது. பத்து சென்ட் விளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் நீர் விழுகிறது. மரங்களும் மண்ணும் நிறைந்த தோட்டமாக அது இருந்தால், பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8,000 லிட்டர் மட்டுமே வெளியே ஓடும். அதே இடம் கூரையும் காங்கிரீட் முற்றமுமாக மாறினால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது சுமார் 36,000 லிட்டர் தெருவுக்கு வந்துவிடும். மழையின் அளவில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே வெள்ளம் நான்கரை மடங்காகிறது.

இத்தகைய நூறு மனைகள் ஒரே சரிவில் அமைந்தால், முன்பு 8 லட்சம் லிட்டர் வந்த தோட்டில் இப்போது 36 லட்சம் லிட்டர் வந்து இறங்கும். கூடுதலான 28 லட்சம் லிட்டரைத் தாங்க ஏழு ஏக்கர் ஏலா தேவை. அந்த ஏழு ஏக்கரிலும் வீடு எழுந்திருந்தால் நீர் அவ்வீடுகளுக்குள்தான் போகும். வானம் கூட்டியது நூற்றில் சில பங்கு. நாம் கூட்டியது பல மடங்கு. இது குற்றச்சாட்டன்று, நம்பிக்கை தரும் செய்தி. ஏனெனில் வானத்தை நம்மால் திருத்த இயலாது. முற்றத்தைத் திருத்த இயலும்.

தலைநகரம் தரும் பாடம்

வடிகாலை இழந்த நகரம் எவ்வாறு இருக்கும் என்பதைக் காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் தம்பானூர், கிழக்கேகோட்டை ஆகிய பகுதிகள் சிறு மழைக்கே நீரில் மூழ்கி வந்தன. 2015-இல் மாவட்ட நிர்வாகம் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் பெரும்பணியை மேற்கொண்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, வடிகால்களின்மேல் எழுந்திருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. மூடிக்கிடந்த கால்வாய்கள் திறந்து தூர்வாரப்பட்டன. நிலைமை ஓரளவு சீர்பட்டது. ஆயினும் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி இரவு பெய்த மழையில் நகரின் பல பகுதிகள் மீண்டும் மூழ்கின. ஒருமுறை திறந்த வடிகால் ஆண்டுதோறும் பேணப்படாவிட்டால் மீண்டும் அடைபடும் என்பதும், நீர் தங்கும் இடத்தை மீட்காமல் நீர் ஓடும் வழியை மட்டும் மீட்பது போதாது என்பதும் அதிலிருந்து கற்ற பாடங்கள்.

அதைவிடக் கொடிய பாடம் 2024 ஜூலை 13 அன்று கிடைத்தது. தலைநகரின் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர், திடீரெனப் பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் தேங்கிய பிளாஸ்டிக் குப்பைக்குள் மீட்புப் படையினர் தேடினர். இரண்டு நாட்களுக்குப் பின் அவர் உடல்தான் கிடைத்தது. அவர் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தவர். நம் ஊர்ப்புறத்திலிருந்து நகரத்தின் வடிகாலைத் துப்புரவு செய்யப் போனவர் திரும்பி வரவில்லை. வடிகாலில் நாம் எறியும் ஒவ்வொரு பையையும் யாரோ ஒருவர் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த மரணம் மறக்கவிடாது.

நெய்யாற்றின்கரை நகராட்சியும், அதைச் சுற்றியுள்ள செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில், பாறசாலை ஆகிய ஊராட்சிகளும் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. இங்கே தோடுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. எஞ்சிய ஏலாக்களும் குளங்களும் உண்டு. இழந்ததை மீட்கும் செலவோடு ஒப்பிட்டால், இருப்பதைக் காக்கும் செலவு மிகக் குறைவு. அந்த வாய்ப்பு நீண்ட நாள் நீடிக்காது.

சாலையும் இருப்புப்பாதையும்

இப்பகுதியில் ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. தேசிய நெடுஞ்சாலை, திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை, கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை ஆகிய மூன்றும் ஏலாக்களைக் குறுக்காகக் கடந்து செல்கின்றன. மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அமைக்கப்படும் பாதை, ஏலாவுக்குக் குறுக்கே கட்டப்பட்ட அணை போன்றது. அதன் அடியில் செல்லும் சிறுபாலமே அந்த அணையின் ஒரே மடை. அதன் அகலம் போதாவிட்டாலும், வாயில் மண்ணும் குப்பையும் அடைத்தாலும், மேற்புறத்து வீடுகளில் நீர் ஏறும்.

வெட்டப்பட்ட மேட்டிலோ வேறொரு தீங்கு நேர்கிறது. வெட்டுக்கல் மண் நீரை நன்கு உறிஞ்சும். ஆனால் தொடர்மழையில் முழுதும் ஊறியபின் செங்குத்தான வெட்டுமுகம் தன் எடையைத் தானே தாங்காமல் சரியும். மேலே வடிகால் இல்லாத வெட்டுச்சரிவுகள் ஆபத்தானவை. வீட்டுமனைக்காகக் குன்றைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணால் ஏலாவை நிரப்புவது ஒரே செயலில் இரண்டு ஆபத்துகளை உண்டாக்குகிறது: மேலே மண்சரிவு, கீழே வெள்ளம்.

உலகம் எங்கே வந்து நிற்கிறது

2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 செ.மீ. மழை பெய்தது. நிலத்தடிக் குழாய்கள் நிறைந்து நகரம் மூழ்கியது. அடுத்த ஆண்டே அந்நகரம் ‘திடீர்மழை மேலாண்மைத் திட்டம்’ ஒன்றை வகுத்தது. எல்லாக் குழாய்களையும் பெரிதாக்கும் வழியை மட்டும் அது தேர்ந்தெடுக்கவில்லை. பூங்காக்களையும் சாலைகளையும், பெருமழையின்போது நீரைத் தேக்கவும் வழிநடத்தவும் ஏற்றவாறு அது திருத்தியமைக்கத் தொடங்கியது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013-இல் பெந்தம்பிளைன் என்ற ‘நீர்ச்சதுக்கம்’ திறக்கப்பட்டது. வெயில் நாளில் அது சிறுவர் பந்து விளையாடும் திடல்; மழைநாளில் சுமார் 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் தொட்டி. உலகெங்கிலுமிருந்து நகரமைப்பு வல்லுநர்கள் அதைக் காணச் செல்கிறார்கள். அதே 17 லட்சம் லிட்டரை நம் ஊரில் 1.7 ஹெக்டேர், அதாவது நான்கேகால் ஏக்கர் ஏலா, 10 செ.மீ. நீரில் தாங்கிவிடும், அதோடு நெல்லும் தரும். பணக்கார நாடுகள் பெரும்பொருள் செலவிட்டுப் புதிதாகக் கட்டுவதை, நாம் மண் கொட்டி மூடிக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டிலும் சிந்தனை மாறி வருகிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94.4 செ.மீ. மழை பெய்த பேரிடருக்குப் பின், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் நகர்ப்புற வெள்ளத்துக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் மழைநீர் வடிகால்களுக்கான தனிக் கையேட்டை வெளியிட்டது. கேரளத்தில் 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கம், ‘இனி ஞான் ஒழுகட்டே’ – ‘இனி நான் பாயட்டும்’ – என்ற பெயரில் தோடுகளை மீட்கும் பணியை உள்ளாட்சிகளின் துணையோடு நடத்துகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள் தூர்வாருவதோடு, கரை அரிக்காமலிருக்கத் தென்னங்கயிற்று விரிப்பு பரப்புகிறார்கள். உள்ளூர்ப் பொருள், உள்ளூர் உழைப்பு, உள்ளூர்ப் பயன்.

‘டேட்டா பேங்க்’ என்னும் நிலவங்கி

ஏலாவைக் காக்கக் கேரளத்தில் சட்டமும் உண்டு. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், வயலை நிரப்புவதைத் தடைசெய்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் எஞ்சியுள்ள நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் அளவை எண் வாரியாகப் பட்டியலிட வேண்டும் என்கிறது. இப்பட்டியலுக்கு ‘டேட்டா பேங்க்’ என்று பெயர். வேறு நிலமில்லாத வயல் உரிமையாளர் தம் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொள்ள, ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை உரிய அனுமதியோடு விலக்குப் பெறலாம். 2018-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, பட்டியலில் இடம்பெறாத வயல்நிலம் 50 சென்டுக்கு மேல் மாற்றப்படும்போது, அதில் பத்தில் ஒரு பங்கை நீர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்க வேண்டும். வீடு எழுந்தாலும் நீருக்கு ஒரு மூலை வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு நல்ல முன்மாதிரியும் உண்டு. வயலைத் தரிசிடாமல் காக்கும் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உரிமத்தொகை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020-இல் தொடங்கியது. அத்தொகை பின்னர் 3,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் அதன் பின்னுள்ள கருத்து பெரிது. நெல்லுக்குக் கிடைக்கும் விலை வேறு, வயல் ஊருக்குச் செய்யும் தொண்டுக்குக் கிடைக்கும் ஈடு வேறு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

தமிழ் வாசகர்கள் ஒரு சொல்லில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழில் ‘நிலம்’ என்றால் எந்த மண்ணையும் குறிக்கும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்பது நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு நிலம் ‘புரயிடம்’ எனப்படும். எல்லைக்கு இப்பாலிருந்து சென்று மனை வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம். மேடாக்கப்பட்டிருப்பதாலேயே ஒரு மனை புரயிடம் ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியும் மண்ணைவிடப் பதிவேட்டில் உள்ள சொல்லே கட்டட அனுமதியைத் தீர்மானிக்கிறது.

பொழியில் முடியும் பயணம்

எந்த வடிகாலும் அது சென்று முடியும் இடத்தைவிடச் சிறப்பாக வேலை செய்ய முடியாது. அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு, 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையைக் கடந்து, ஸ்ரீ நாராயண குரு 1888-இல் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறத்தைத் தொட்டு, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாற்றில் கடலை அடைகிறது. இக்கடற்கரையின் ஆற்றுவாய்களில் அலை மணல் மேடிட்டு அடைப்பதுண்டு. அதைப் ‘பொழி’ என்பர். உரிய நேரத்தில் பொழியை வெட்டிவிடாவிட்டால் நீர் பின்னோக்கி ஏறும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. கடல் உயர உயர, ஆற்றின் இறுதி மைல்களில் நீர் வடிவது மெதுவாகும். மேலே எவ்வளவு அகலமான வடிகால் கட்டினாலும் கீழே வாய் அடைபட்டிருந்தால் பயனில்லை.

பூவாற்றிலிருந்து தெற்கே, கரைக்கு இணையாக ஒரு பழைய கால்வாய் உண்டு. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் 1860-இல் பணி தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் அது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைப்பது அதன் நோக்கம். திட்டம் முழுமை பெறவில்லை. எனினும் பொழியூர், நீரோடி, கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டினம் எனக் கடலோர ஊர்களின் மழைநீரை அது ஏந்திவந்தது. இன்று பல இடங்களில் அது தூர்ந்தும் குறுகியும் கிடக்கிறது. பொழியூர் கேரளத்தில், நீரோடி தமிழ்நாட்டில். ஒரு மாநிலம் மட்டும் தூர்வாரினால் அடைப்பு மறுபுறம் நகருமே தவிரத் தீராது. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயின் பாசன நீரைப் பங்கிடுவதில் இரு மாநிலங்களுக்கும் நெடுங்காலப் பிணக்கு உண்டு. வெள்ள நீரிலாவது பிணக்குக்கு இடமில்லை; அதை யாரும் தமக்கென்று கேட்கப்போவதில்லை. எல்லையின் இருபுறத்து உள்ளாட்சிகளும் மழைக்காலத்துக்கு முன் ஒன்றாக அமர்ந்து தோடுகளையும் கால்வாயையும் பார்வையிடுவது நல்ல தொடக்கமாக அமையும்.

வீட்டளவில் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் நீர் கிடைக்கும். அதை வடிகட்டிக் கிணற்றில் சேர்ப்பது எளிது. திருச்சூர் மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிய ‘மழப்பொலிமா’ திட்டம், கூரைநீரைத் திறந்த கிணறுகளில் இறக்கி நிலத்தடி நீரை மீட்க வழிகாட்டியது. வீட்டுக்கொரு கிணறு என்ற பழக்கமுள்ள நம் எல்லைக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழியில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர்.

முற்றம் முழுவதையும் காங்கிரீட்டால் மூடாமல், வண்டி செல்லும் தடத்துக்கு மட்டும் கல் பாவி, எஞ்சியதை மண்ணாகவும் புல்லாகவும் விடலாம். மதிலின் அடியில் நீர் செல்லத் துளைகள் விடலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: செங்குத்தாக வெட்டிய மேட்டின் விளிம்பிலும், தாங்குசுவருக்கு அருகிலும் மழைக்குழி தோண்டக் கூடாது. அங்கே நீரை உள்ளே இறக்குவது சரிவை அழைப்பதாகும். பாதுகாப்பாகக் கீழே நடத்திச் செல்வதே முறை.

மனை வாங்குமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. கேரள வருவாய்ப் பதிவேட்டில் இம்மனை ‘புரயிடம்’ என்றுள்ளதா, ‘நிலம்’ என்றுள்ளதா? கிராம அலுவலகத்தில் சரிபார்க்கவும்.

2. ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் இதன் அளவை எண் உள்ளதா? கிருஷி பவனில் விசாரிக்கவும். இருந்தால், வருவாய்க் கோட்ட அலுவலரின் உத்தரவின்றி மேற்கொண்டு செல்ல வேண்டாம்.

3. பழைய அளவை வரைபடத்தில் மனையின் ஊடாகவோ ஓரமாகவோ தோடு, குளம், வாய்க்கால் ஏதேனும் உள்ளதா?

4. 2018-இலும் 2021-இலும் இத்தெருவில் நீர் எதுவரை ஏறியது? அண்டை வீட்டாரிடம் கேட்கவும்; கூடுமானால் மழைநாளில் ஒருமுறை சென்று பார்க்கவும்.

5. தெருவடிகால் எங்கே சென்று முடிகிறது? அடுத்த மனையிலா, தோட்டிலா?

6. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் மண்சரிவும் அடங்குமா? 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவடிவக் காப்பீடு இவற்றை உள்ளடக்குகிறது.

வீட்டுக்கடன் என்பது பெரும்பாலோர்க்குப் பதினைந்து, இருபது ஆண்டுக் கடமை. அத்தனை மழைக்காலங்களையும் அந்த வீடு சந்திக்க வேண்டும். கூரையின் உறுதியையும் சுவரின் அழகையும் ஆராயும் நாம், நீர் வரும் வழியையும் போகும் வழியையும் ஒருமுறை நடந்து பார்ப்பதில் தவறில்லை. கிராம சபையில் அடுத்த முறை ‘வடிகால் வேண்டும்’ என்று எழுந்து கேட்கும்போது, ‘நம் வார்டில் எஞ்சியுள்ள ஏலா எத்தனை ஏக்கர், குளம் எத்தனை, அவற்றைக் காக்க இவ்வாண்டுத் திட்டத்தில் என்ன ஒதுக்கீடு’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்.

மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல் என்று வகுத்த முன்னோர், வருங்கால மழையை அறிந்திருக்கவில்லை. ஆயினும் நீருக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட்டே தம் பங்கை எடுத்துக்கொண்டனர். அந்தப் பங்கீடு நிலைத்தால், மாறிய மழையும் நம் ஊர்களுக்கு வளமாகவே வரும்.